குளிர் விட்ட மறுநாள்: உறைந்த ஊரில் கனமழை பெய்தால் என்ன நடக்கும், எப்படித் தயாராவது?

கடுங்குளிர் ஒரு வாரமாக வாட்டி எடுக்கிறது. வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கி, தெருவும் தோட்டமும் குட்டையும் உறைந்து கிடக்கின்றன. திடீரென ஒரு நாள் காற்று திசை மாறுகிறது. வெளியே வந்து நின்றால் முகத்தில் இதமாகப் படுகிறது. "அப்பாடா, குளிர் விட்டது" என்று ஊரே மூச்சு விடுகிறது. நாளை கனமழை என்று வானிலை அறிக்கை சொன்னாலும் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. மழைதானே, கிடக்கிற பனியைக் கழுவிக்கொண்டு போகட்டும் என்கிறார்கள்.

இந்த நிம்மதி தவறான நேரத்தில் வருகிறது. உறைகுளிரை ஓர் ஆபத்தாகவும் கனமழையை வேறோர் ஆபத்தாகவும் தனித்தனியே எண்ணிப் பழகிவிட்டோம். இரண்டும் அடுத்தடுத்து வரும்போது, குளிர் தொடங்கிவைத்த வேலையை மழை முடித்துவைக்கிறது. வேறொரு நாளில் மண்ணிலும் வடிகாலிலும் இறங்கி மறைந்திருக்கும் அதே 50 மில்லிமீட்டர் மழை, உறைந்த ஊரில் வீட்டுக்குள் வரும். ஏன் என்று புரிந்துவிட்டால், எந்த நாளில் எதைச் செய்வது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும். அதனால் காரணத்தை முதலில் பார்ப்போம், தயாரிப்பை அப்புறம்.

சொல் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் பலவற்றையும் 'பனி' என்றே சொல்லிவிடுகிறோம். இங்கே பனி என்றால் வானிலிருந்து பஞ்சு போல விழுந்து தரையில் படிவது. பனிக்கட்டி என்றால் தண்ணீர் இறுகிக் கெட்டியானது.

ஃப்ரீசரில் வைத்த ஸ்பாஞ்ச்

பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, பிழியாமல் ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் எடுத்து அதன் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு சொட்டுகூட உள்ளே போகாது, நாலு பக்கமும் வழிந்தோடும். ஸ்பாஞ்சில் ஓட்டைகள் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றைப் பனிக்கட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது.

மண்ணும் அப்படித்தான். மண் துகள்களுக்கு இடையே இருக்கும் இடுக்குகள் வழியாகத்தான் மழைநீர் கீழே இறங்குகிறது. ஈரமான மண் உறையும்போது அந்த இடுக்குகள் அடைபட்டு, நிலம் கான்கிரீட் தளம் போல ஆகிவிடும். காய்ந்த ஸ்பாஞ்சை ஃப்ரீசரில் வைத்தால் இந்தத் தொல்லை வராது, கவனியுங்கள். அதேபோல, காய்ந்திருக்கும்போது உறைந்த மண் ஓரளவு தண்ணீரைக் குடிக்கும். ஆகவே "எத்தனை டிகிரி குளிர்?" என்பதோடு, குளிர் வருவதற்கு முந்தைய வாரம் மண் எவ்வளவு ஈரமாக இருந்தது என்றும் கேட்க வேண்டும். மழை பெய்து, உடனே உறைந்து, மறுபடி மழை பெய்தால் அதுதான் மிக மோசமான வரிசை.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சின்ன ஊரில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5 கோடி லிட்டர். வழக்கமான நாளில் அதில் நல்ல பங்கை மண் எடுத்துக்கொள்ளும். உறைந்த நிலத்தில் ஏறக்குறைய மொத்தமும் வடிகாலைத் தேடி ஓடிவரும். அந்த வடிகாலின் வாய் பனிக்கட்டியால் அடைத்திருக்கும்.

1996-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் வில்லாமெட் ஆற்றுப் படுகையில் நடந்தது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஜனவரிக் கடைசியில் மலைகளில் பனி குவிந்தது. தொடர்ந்து கடுங்குளிர் வந்து நிலம் இறுகியது. பிப்ரவரி 6-ஆம் தேதி முதல் பசிபிக் பெருங்கடலின் வெப்பமண்டலப் பக்கத்திலிருந்து ஈரம் சுமந்த வெதுவெதுப்பான காற்று வந்து நான்கு நாள் மழையைக் கொட்டியது. ஆறுகள் வெள்ளக்காடாயின. போர்ட்லாண்ட் நகரின் மையப்பகுதிக்குள் தண்ணீர் புகுந்துவிடும் நிலை. ஊர்மக்கள் திரண்டு, ஆற்றங்கரைச் சுவரின் மேல் பிளைவுட் பலகைகளும் மணல் மூட்டைகளும் வைத்துச் சுவரை உயர்த்தினார்கள். ஆறு சுவரின் விளிம்பை நெருங்கி நின்று, பிறகு இறங்கியது. வானிலையின் வரிசையும் சரி, ஊர் திரண்ட விதமும் சரி, இந்த விஷயத்தைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம்.

பனியை உருக்குவது மழையா?

மழை பட்டால் பனி கரைந்து ஓடும் என்பது கிட்டத்தட்ட எல்லோரும் சொல்வது. மழையின் பங்கு அதில் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது.

பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டியை, அதே பூஜ்ஜியம் டிகிரித் தண்ணீராக மாற்ற 80 கிலோகலோரி வெப்பம் வேண்டும். இவ்வளவு வெப்பம் உள்ளே போயும் வெப்பமானி ஒரு டிகிரிகூட ஏறாது. வெப்பம் உள்ளே ஒளிந்துகொள்வதால் இதை உள்ளுறை வெப்பம் என்பார்கள். இப்போது 10 டிகிரி வெப்பமுள்ள மழை ஒரு கிலோ விழுகிறது என்று வையுங்கள். அது பூஜ்ஜியத்துக்குக் குளிரும்போது கொடுப்பது 10 கிலோகலோரிதான். ஒரு கிலோ பனியை உருக்க எட்டுக் கிலோ மழை வேண்டும் என்று ஆகிறது. நாள் முழுக்க 80 மில்லிமீட்டர் பெய்தாலும், அந்த மழையின் சூடு உருக்குவது 10 மில்லிமீட்டர் தண்ணீருக்குச் சமமான பனியை மட்டுமே.

அப்படியானால் ஒரே இரவில் முழங்கால் அளவுப் பனி எப்படி மாயமாகிறது? குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரைப் பாருங்கள். வெளிப்புறத்தில் முத்து முத்தாகத் துளிகள் கோத்து நிற்கும். காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நீராவி, குளிர்ந்த பரப்பில் பட்டுத் தண்ணீரானது. இதற்கு ஆவி சுருங்குதல் என்று பெயர். தண்ணீர் ஆவியாகும்போது வாங்கிய வெப்பத்தை, மீண்டும் தண்ணீராகும்போது திருப்பித் தந்தாக வேண்டும். ஒரு கிலோ நீராவி இப்படிச் சுருங்கினால் ஏறத்தாழ 600 கிலோகலோரி வெளிவரும். ஏழரைக் கிலோ பனியை உருக்க அது போதும்!

மழையோடு சேர்ந்து வரும் ஈரமான, வெதுவெதுப்பான, பலமான காற்றுதான் பனியை உருக்கும் அடுப்பு. காற்று வீச வீசப் புதிய நீராவி வந்து பனிமேல் படிந்துகொண்டே இருக்கும். வெயிலில் உருகும் பனி மாலையானதும் நின்றுவிடும். இந்தக் காற்றில் உருகும் பனி இரவு முழுக்க உருகும். எனவே வானிலை அறிக்கையில் மழை அளவை மட்டும் பார்க்காதீர்கள். இரவிலும் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேலேயே இருக்குமா, ஈரக்காற்று பலமாக வீசுமா என்பவற்றையும் பாருங்கள். மூன்றும் சேர்ந்தால் மழை அளவைத் தாண்டிய வெள்ளத்துக்குத் தயாராக வேண்டும்.

பனி வேறொரு விதத்திலும் ஏமாற்றும். மழை தொடங்கிய முதல் சில மணி நேரம் பனி அந்தத் தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓடையில் நீர்மட்டம் ஏறாது. "பயந்த மாதிரி ஒன்றும் இல்லையே" என்று தோன்றும். பனி முழுவதும் நனைந்து, இனி தாங்காது என்ற நிலை வந்ததும், பிடித்து வைத்ததும் உருகியதும் புதிய மழையும் ஒன்றாக இறங்கும்.

இதுவரை பார்த்தவை இரண்டு. உறைந்த ஈரமண் தண்ணீரை உள்ளே விடாது. பனியை உருக்கும் வேலையில் பெரும்பங்கு ஈரக்காற்றுக்கு, அதனால் வடிகாலுக்கு வரும் தண்ணீர் பெய்த மழையைவிட அதிகமாக இருக்கலாம்.

உங்கள் ஊர்ப் பனியில் எவ்வளவு தண்ணீர்?

பனியின் உயரம் இதைச் சொல்லாது. புதிதாக விழுந்த பஞ்சுப்பனி பத்து சென்டிமீட்டர் உருகினால் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் தேறலாம், அதற்குக் குறையவும் செய்யலாம். பல நாள் கிடந்து இறுகிய பனி பத்து சென்டிமீட்டரில் மூன்று, நான்கு சென்டிமீட்டர்கூட இருக்கும். பனியை உருக்கினால் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும் என்பதே பனியின் நீரளவு.

இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள பாத்திரத்தைக் கவிழ்த்து, பனிக்குள் தரைவரை அழுத்துங்கள். உள்ளே சிக்கிய பனியை ஒரு தகடு கொடுத்து எடுத்து, வீட்டுக்குள் வைத்து உருகவிட்டு, அதே பாத்திரத்தில் ஸ்கேலை வைத்து அளந்தால் போதும். 60 மில்லிமீட்டர் என்று வந்தால், இன்னொரு 60 மில்லிமீட்டர் மழை ஏற்கெனவே ஊர்மேல் பெய்து காத்திருக்கிறது என்று பொருள். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஊரின் நாலைந்து இடங்களில் இதை அளக்கச் சொல்லலாம். எச்சரிக்கைக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசுவதைவிட, ஒரு பிள்ளை கொண்டுவந்து காட்டும் அந்தப் பாத்திரம் ஊருக்கு விஷயத்தைப் புரியவைக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

குழாய் குளிரில் வெடிக்கிறது, இளகும்போது தெரிகிறது

தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். நிரம்பிய கண்ணாடிப் பாட்டிலை ஃப்ரீசரில் மறந்துவிட்டவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். குழாயில் நடப்பது இதிலிருந்து கொஞ்சம் மாறுபட்டது. குழாயின் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு வளர்கிறது. அந்த அடைப்புக்கும் மூடிய பைப் திருகுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. பனிக்கட்டி வளர வளர அந்தத் தண்ணீரின் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், குழாயின் வலுவில்லாத இடம் விட்டுக்கொடுக்கிறது. வெடிப்பு பல நேரம் பனிக்கட்டி இல்லாத இடத்தில் இருப்பதற்கு இதுவே காரணம்.

கடுங்குளிர் இரவில் பைப்பை நூல் போலச் சொட்டவிடச் சொல்வதன் பொருளும் இதிலிருந்து விளங்கும். ஓடுகிற தண்ணீர் உறையாது என்று பலர் நினைக்கிறார்கள். உறையவும் செய்யலாம். ஆனால் திறந்த பைப் அழுத்தத்தை வெளியே விட்டுவிடும், அதனால் குழாய் பிழைக்கும்.

வெடித்த குழாயில் பனிக்கட்டியே அடைப்பானாக இருப்பதால் குளிர் நீடிக்கும்வரை கசிவு தெரியாது. குளிர் விட்டதும் ஊரில் நூற்றுக்கணக்கான குழாய்கள் ஒரே நாளில் ஒழுகத் தொடங்கும். அது பெரும்பாலும் மழை வரும் அதே நாள்! 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் கடுங்குளிரும் மின்தடையும் சேர்ந்து தாக்கியபோது, வீடுகளில் வெடித்த குழாய்களும் நின்றுபோன சுத்திகரிப்பு நிலையங்களும் சேர்ந்து ஊர்த் தண்ணீர்க் குழாய்களின் அழுத்தத்தையே குறைத்துவிட்டன. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடிநீர் தடைபட்டது, அல்லது காய்ச்சிக் குடிக்க வேண்டியதாயிற்று. அழுத்தம் குறைந்த குழாய்க்குள் வெளியிலுள்ள அழுக்குநீர் நுழைய முடியும் என்பதால்தான் காய்ச்சச் சொல்கிறார்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், உயரமான மலைப்பகுதியில் மூன்று நிமிடம். அந்தப் புயலில் இறந்தவர்கள் என்று மாநில அரசு கணக்கிட்டது 246 பேரை. பெரும்பாலானோர் குளிரால் இறந்தவர்கள்.

ஆற்றில் உடையும் பனிக்கட்டி

ஆற்றின் மேல்பரப்பு உறைந்திருக்கும்போது மழைநீர் வந்து சேர்ந்தால், ஆறு உயர்ந்து அந்த மூடியைத் தூக்கி உடைக்கும். உடைந்த பாளங்கள் மிதந்துபோய் பாலத்தூணிலோ ஆற்று வளைவிலோ மாட்டிக்கொண்டு தற்காலிக அணை ஆகும். இது பனிக்கட்டி அடைப்பு. இதற்குப் பின்னால் நீர்மட்டம் நிமிடக் கணக்கில் ஏறலாம். அடைப்பு விட்டுப்போனால் கீழே இருப்பவர்கள்மேல் தண்ணீரும் பாளங்களும் சேர்ந்து பாயும். 2019 மார்ச்சில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உறைந்த நிலத்தின் மேல் மழை பெய்து, நயோப்ராரா ஆற்றில் பாளங்களோடு வந்த வெள்ளம் ஸ்பென்சர் அணையையே உடைத்தது. ஆற்றோரம் இருப்பவர்கள் மழை அளவைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பனிக்கட்டி உடையும் சத்தம் கேட்டாலோ, ஓடிக்கொண்டிருந்த ஆறு சட்டென வற்றினாலோ, மேட்டுக்குப் போய்விட வேண்டும். வற்றினால் மேலே எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

நடுவில் வரும் உறைமழை

குளிரிலிருந்து மழைக்கு மாறும் சில மணி நேரம் தனி ஆபத்து. இதமான காற்று எடை குறைந்தது, அதனால் தரையை ஒட்டிக் கிடக்கும் கனமான குளிர்காற்றின் மேல் ஏறி வரும். மேலே மழையாகப் பிறந்த துளி, கீழே உள்ள குளிர் அடுக்கைக் கடக்கும்போது பூஜ்ஜியத்துக்குக் கீழே போயும் உறையாமல் தண்ணீராகவே இருக்கும். இதை மீக்குளிர்ந்த நீர் என்பார்கள். கம்பி, கிளை, படிக்கட்டு என எதைத் தொட்டாலும் அங்கேயே கண்ணாடி போல உறைந்து ஒட்டிக்கொள்ளும். இதுவே உறைமழை. பனியைப் போல இது உதிராது, எடை கூடிக்கொண்டே போகும்.

1998 ஜனவரி 5 முதல் 10 வரை கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ பகுதிகளில் பெய்த உறைமழையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்கோபுரங்கள் மடிந்து விழுந்தன. சில இடங்களில் மின்சாரம் திரும்ப ஒரு மாதம் ஆனது. மின்சாரம் போனால் வெளிச்சம் மட்டுமா போகும்? நிலவறையில் தேங்கும் நீரை இறைக்கும் பம்பும் போகும், வீட்டைச் சூடாக்கும் கருவியும் போகும். உறைமழை மின்கம்பியை அறுத்த பிறகு கனமழை வந்தால் ஊர் இருட்டில், குளிரில், இறைக்க வழியில்லாமல் வெள்ளத்தைச் சந்திக்கிறது.

சரி, காரணங்கள் இவ்வளவுதான். மண் அடைபட்டிருக்கும், பனி காத்திருக்கும், குழாய் வெடித்திருக்கும், ஆறு மூடியிருக்கும், மின்சாரம் போயிருக்கலாம். எல்லாமே குளிர்நாட்களில் அமைந்து, காற்று மாறும் நாளில் வெளிப்படுகின்றன.

குளிருக்கு முன்பே செய்ய வேண்டியவை

பனி மூடிய பிறகு வடிகால் வாய் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் இலைதழைகளை அள்ளிவிட்டு, ஒவ்வொரு வாயின் பக்கத்திலும் உயரமான குச்சி ஒன்றை நட்டு, நுனியில் பளிச்சென்ற துணி கட்டுங்கள். தீயணைப்புக் குழாய்களுக்கும் இப்படியே. ஒரு வாய்க்கு ஒரு வீடு என்று பொறுப்பைப் பிரித்துக்கொண்டால் வேலை தவறாது. "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்ப்பதில்லை.

தனியே வாழும் முதியவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள், ஆக்சிஜன் கருவி போன்றவற்றுக்கு மின்சாரத்தை நம்பி இருப்பவர்கள், நிலவறையில் குடியிருப்பவர்கள் ஆகியோரின் பட்டியல் ஒன்று தாளில் எழுதப்பட்டு, மூன்று பேரிடமாவது இருக்கட்டும். செல்போனில் மட்டும் இருந்தால் சார்ஜ் போனதும் பட்டியலும் போகும். வெதுவெதுப்பாகத் தங்கவைக்கும் பொது இடம் மேட்டில் இருக்க வேண்டும். குளிருக்கென்று தேர்ந்தெடுத்த கூடம் தாழ்வான இடத்தில் இருந்தால், மழை வந்த இரவில் தஞ்சம் புகுந்தவர்களையே மறுபடி வெளியேற்ற வேண்டிவரும். குளிருக்கு ஒரு திட்டம், வெள்ளத்துக்கு ஒரு திட்டம் என்று இரண்டு குழுக்கள் தனித்தனியே போடும்போது நேரும் தவறு இது.

ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் வரும் முதன்மை வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பது பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கழிவுநீர் திரும்பி வீட்டுக்குள் வராமல் தடுக்கும் ஒருவழி வால்வு இருந்தால் அது வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

காய்ந்த குளிர்நாட்கள்: இருக்கும் ஒரே அவகாசம்

உறைந்த பிறகும் மழைக்கு முன்பும் இரண்டு மூன்று நாள் கிடைக்கும். எல்லோரும் வீட்டுக்குள் முடங்கிக்கொள்ளும் நாட்கள் இவை. ஊர் காப்பாற்றப்படுவதும் இந்த நாட்களில்தான்.

வாரிய பனியை எங்கே குவிக்கிறோம் என்பதே முதல் கேள்வி. வடிகால் வாயின் மேலோ, வீட்டுக்கு மேட்டுப்பக்கமோ குவித்தால் நாளைய வெள்ளத்தை நாமே கொண்டுவந்து வைத்தது போல ஆகும். வீடுகளுக்குத் தாழ்வான பக்கம் குவியுங்கள். வண்டிகள் பனியை ஒதுக்கும்போது சாலையின் இரு ஓரமும் கரை போல வரப்பு எழும். அது தண்ணீரைச் சாலையிலேயே பிடித்துவைக்கும். வடிகால் வாய்க்கு நேரே அந்த வரப்பை வெட்டி வழி விடுங்கள். வாயின் மேல் இறுகிய பனிக்கட்டியைக் கடப்பாரையால் உடைத்து அள்ள வேண்டும், உள்ளே தள்ளக் கூடாது.

கூரையைப் பாருங்கள். 25 மில்லிமீட்டர் மழையைக் கூரைமேல் உள்ள பனி குடித்தால் சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை கூடும், 100 சதுர மீட்டர் கூரைக்கு இரண்டரை டன். தட்டையான கூரையில் நீர்ப்போக்கி உறைந்திருந்தால் இன்னும் மோசம். நீண்ட கைப்பிடியுள்ள வாரியால் தரையில் நின்றபடியே பனியை இழுத்துவிடுங்கள். வழுக்கும் கூரையில் ஏற வேண்டாம். கதவுகள் திடீரெனச் சிக்கினால், கூரை முறுகும் சத்தம் கேட்டால், உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

மணல் மூட்டைகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஈரமணல் நிரப்பி வெளியே வைத்த மூட்டை உறைந்து கல்லாகிவிடும். மூட்டைகள் ஒன்றோடொன்று அமுங்கி இடைவெளியை அடைத்தால்தான் தண்ணீர் நிற்கும். கற்களை அடுக்கினால் நடுவே ஓட்டைகள் இருக்கத்தான் செய்யும். 2009 மார்ச்சில் அமெரிக்காவின் ஃபார்கோ நகரத்து மக்கள் ரெட் ஆற்று வெள்ளத்துக்கு எதிராக லட்சக்கணக்கான மூட்டைகள் நிரப்பியபோது இந்தச் சிக்கலோடும் போராட வேண்டியிருந்தது. ஆகவே மூட்டைகளை வெப்பமான கூடத்தில் நிரப்பி, அங்கேயே வைத்து, அடுக்கும் நேரத்தில் எடுத்து வாருங்கள். வாய்வரை நிரப்பாமல் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பினால் நன்றாகப் படியும்.

பம்பின் வெளியேற்றுக் குழாய் முனை உறைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உறைந்திருந்தால் பம்பு ஓடும், தண்ணீர் மட்டும் போகாது.

வீட்டில் ஏதாவது பைப்பில் தண்ணீர் வரவில்லை என்றால், குளிர் விடும் முன்பே முதன்மை வால்வை மூடுங்கள். பைப்பைத் திறந்துவைத்து, பைப் பக்கத்திலிருந்து தொடங்கி ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்குங்கள். நெருப்பைக் காட்டாதீர்கள்.

மழை தொடங்கியதும்

பொறுப்பெடுத்தவர்கள் தங்கள் வடிகால் வாயை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். மழையில் மிதந்து வரும் பனிக்குழம்பு அதை அடைத்திருக்கும். வழுக்காமல் இருக்கத் தூவிய உப்பையும் மழை கழுவிவிட்டிருக்கும். ஏறத்தாழ -9 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பு பெரிதாக வேலையும் செய்யாது.

ஓடும் தண்ணீரை எடை போடுவதில் பலர் தவறுகிறார்கள். 15 சென்டிமீட்டர் வேகநீர் ஒரு பெரியவரைக் கீழே தள்ளும். 30 சென்டிமீட்டர் சிறிய காரை நகர்த்தும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். இந்தக் காலத்தில் அந்தத் தண்ணீருக்கு அடியில் பனிக்கட்டியும் இருக்கலாம், அதனால் இந்த அளவுகளைவிடக் குறைவான நீரிலும் கால் நிற்காது.

நனைந்த உடல் பூஜ்ஜியத்துக்கு மேலேயும் குளிரால் சாகும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை உறிஞ்சும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அதை உடல் வெப்பக் குறைவு என்கிறார்கள். நடுக்கம், பேச்சுக் குளறல், தடுமாற்றம், காரணமில்லாத தூக்கம் இவை அதன் அடையாளங்கள். -10 டிகிரியில் காய்ந்த உடையோடு சமாளித்தவர், 5 டிகிரி மழையில் நனைந்து நின்றால் சாய்ந்துவிடலாம். மூட்டை அடுக்கும் தொண்டர்களுக்கு மாற்று உடையும், மாறி மாறி ஓய்வெடுக்கச் சூடான இடமும் வைத்திருப்பது மூட்டை அளவுக்கு முக்கியம்.

மின்சாரம் போன வீடுகளில் ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ உள்ளே வைக்க யாரையும் விடாதீர்கள். எரிபொருள் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ இல்லாத நச்சுவாயு. மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை வாசல் கூரைக்குள் இழுத்து வைப்பது இந்த வானிலையில் சகஜமாக நடக்கும் ஒன்று. கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வெளியே இருக்க வேண்டும். வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், உடனே எல்லோரையும் வெளியே கூட்டி வாருங்கள்.

மழை நின்ற இரவு

தண்ணீர் புகுந்த நிலவறையில் மின்இணைப்பைத் துண்டிக்காமல் கால் வைக்க வேண்டாம். உள்ளே நிற்கும் நீரை ஒரே மூச்சில் இறைத்துவிடவும் வேண்டாம். சுவருக்கு வெளியே ஊறிய மண் அழுத்திக்கொண்டிருக்கிறது, உள்ளேயுள்ள தண்ணீர்தான் அதை எதிர்த்துத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கில் இறைத்தால் சுவர் தப்பும்.

மேகம் கலைந்து வானம் தெளியும் இரவில் வெப்பநிலை பெரும்பாலும் மறுபடி பூஜ்ஜியத்துக்குக் கீழே விழும். தெருவில் நிற்கும் தண்ணீர் விடிவதற்குள் சாலையின் நிறத்திலேயே மெல்லிய பனிக்கட்டித் தகடாகிவிடும், வண்டி ஓட்டுபவரின் கண்ணுக்கு அது வெறும் ஈரமாகத்தான் தெரியும். இறைத்த நீரைச் சாலையில் விட்டால் நாமே அதை உண்டாக்குகிறோம். குழாயை நீட்டி வடிகால் வாய்வரை கொண்டுபோய் விடுங்கள், நடைபாதைகளில் மணல் தூவிவையுங்கள், பட்டியலில் உள்ள முதியவர்களின் வீட்டுக் கதவை அன்றிரவு இன்னொரு முறை தட்டுங்கள்.